அஜிஷா பாத்ரூமில் விழவில்லை

என் பெயர் புஷ்பமேரி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் செல்வசிங். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், குளச்சலுக்குப் பக்கம். தற்போது ஷார்ஜா ரோலா பகுதியில் பழைய கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் என் மகளுடன் குடியிருக்கிறேன். ஷார்ஜா தொழில்பேட்டையில் உள்ள தனியார் கிளினிக் ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கணவர் சவூதி அரேபியா ஜுபைலில் ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் டெக்னீஷியன், அங்கே கேம்ப்பில் தங்கியிருக்கிறார். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது. டிராஃபிக் ஃபைன்கூடக் கிடையாது, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் என்னை விசாரிக்கும் அதிகாரி அரபிக்காரர், எனக்கு அரபி பேசவோ எழுதப் படிக்கவோ தெரியாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் ஜெய்னுலாப்தீன் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு அரபியில் ஆக்கித் தருவதாக ஏற்பாடு. அவர் காயல்பட்டினத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் நான் இரண்டு வாக்கியம் சொன்னால் ஒரு வாக்கியம்தான் எழுதுகிறார். கேட்டதற்கு, “சிஸ்டர், கோபப்படுறதெல்லாம் அரபியில வராது” என்றார். வராவிட்டால் தமிழிலாவது இருக்கட்டும், சொன்னதை விடாமல் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதையும் எழுதச் சொன்னேன்.

என் மேல் புகார் கொடுத்திருப்பது என் மகள் அஜிஷா படிக்கும் தனியார் கல்லூரி. கல்லூரியின் பெயரைப் புகாரில் உள்ளபடி எழுதிக்கொள்ளவும், அதை என் வாயால் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. நேற்று மாலை கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் கைப்பந்து இறுதிப் போட்டியில் நான் அனுமதி இல்லாமல் மைதானத்துக்குள் நுழைந்து, வலைக்குக் கீழே உட்கார்ந்து, ஆட்டத்தை நிறுத்தினேன் என்றும், கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் ரவிசங்கரைக் கையால் தள்ளினேன் என்றும் புகார். நுழைந்தது உண்மை. உட்கார்ந்தது உண்மை. தள்ளினேன் என்பது பொய். தள்ளுவதாக இருந்தால் எழுந்து நின்றுதான் தள்ளியிருப்பேன்.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். அஜிஷாவுக்குப் பத்தொன்பது வயது. மூன்று வயதிலிருந்து இங்கேயே வளர்ந்தவள். பள்ளியில் படிக்கும்போதே கைப்பந்தில் நல்ல பெயர். பள்ளிகளுக்கு இடையே நடந்த போட்டி ஒன்றில் அவள் அடித்ததைப் பார்த்துவிட்டு ரவிசங்கர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர். நான் நெத்திலி அவியல் வைத்திருந்தேன், சோறு போட்டேன், இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டார். என் கணவர் ஜுபைலிலிருந்து வீடியோ காலில் இருந்தார். அவருக்கும் கேட்கும்படி ரவிசங்கர் சொன்னது இது: “ஃபீஸ் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாங்க. ஸ்போர்ட்ஸ் சீட்டு. இனி அவ எங்க பொண்ணு. ஒரு சின்னக் காயம்னாலும் எங்க பொறுப்பு.” என் கணவர் படிப்பு மட்டும் கெடக்கூடாது என்று சொன்னார். அப்போது நான் ரவிசங்கரைச் சார் என்று கூப்பிட்டேன். இந்த வாக்குமூலத்தில் எங்கேயும் சார் போட வேண்டாம் என்று ஜெய்னுலாப்தீன் பாயிடம் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு கல்லூரியில் சேர்ந்தாள். முதல் சில மாதம் கல்லூரிக்காக மட்டும் விளையாடினாள். அதன் பிறகு வார விடுமுறையில் வெளிப் போட்டிகளுக்கும் அனுப்பினார்கள். இங்கே நம் ஊர்ச் சங்கங்களும் கடைகளும் கம்பெனிகளும் கோப்பை வைத்து நடத்துகிற ஆட்டங்கள் நிறைய உண்டு. அந்த அணிகளில் ஆள் போதாதபோதும், ஜெயித்தே ஆக வேண்டும் என்று இருக்கும்போதும், வெளியிலிருந்து நன்றாக ஆடுபவர்களைக் கூலி பேசி இறக்குவார்கள். கெஸ்ட் என்பார்கள். ஊரிலும் இந்த வழக்கம் உண்டு, அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. ஊரில் கெஸ்ட்டாக ஆடுகிறவன் கையில் காசு வாங்கிக்கொண்டு போவான். இங்கே பேசுகிறவர் ரவிசங்கர், வாங்குகிறவர் ரவிசங்கர், ஆடுகிறவள் என் மகள். கேட்டால் கல்லூரியின் ஸ்போர்ட்ஸ் ஃபண்டுக்குப் போகிறது என்பார். பிள்ளைகளுக்கு ஒரு டிராக் சூட், ஒரு பிரியாணி. எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஒரு வாரம் நகைக்கடை பெயர் போட்ட பனியன் காயும், அடுத்த வாரம் கார்கோ கம்பெனி, அதற்கடுத்த வாரம் சூப்பர்மார்க்கெட். எந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி கேட்டார்.

போக மாட்டேன் என்று சொல்லலாமே என்று அதிகாரி கேட்டார். அஜிஷா ஒரே ஒரு தடவை பரீட்சை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் கல்லூரிப் பயிற்சியில் அவளை ஓரமாக உட்கார வைத்தார்கள். சீட்டு விளையாட்டால் வந்தது, விளையாடாவிட்டால் சீட்டு இல்லை என்று ரவிசங்கர் எல்லாப் பெண்களிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாராம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆட்டம் என்றால் உயிர். யார் பனியனைக் கொடுத்தாலும் போட்டுக்கொண்டு ஆடுவாள். அதை வைத்துத்தான் இவ்வளவும் நடந்தது.

அதன் பிறகு, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு சங்கம் நடத்திய நகைக்கடைக் கோப்பைக்கு அஜிஷா கெஸ்ட்டாகப் போனாள். எனக்கு அன்று லீவ், நானும் போனேன். அன்றைக்கு எதிர் அணிக்கும் ரவிசங்கரே ஆள் கொடுத்திருந்தார். இந்தப் பக்கம் அஜிஷா, அந்தப் பக்கம் அதே கல்லூரியில் அவளோடு படிக்கும் மெஹர்பானு. இருவரும் ஒரே வேனில் வந்து இறங்கி, வேறு வேறு பனியன் மாட்டிக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். ஆட்டத்தின் நடுவில் அஜிஷா பந்தை அடிக்க எம்பினாள், மெஹர்பானு தடுக்க எம்பினாள், இருவரும் மேலே மோதிக்கொண்டார்கள், அஜிஷா கீழே விழுந்தாள். எழவில்லை. சங்கத்துக்காரர்கள் மைக்கில், ஒரு சின்னத் தடங்கல், அனைவரும் பிரியாணி வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். நான் ஓடிப்போய் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். என் கைக்குக் கீழேயே வீங்கிக்கொண்டு வந்தது. “வலிக்கா மக்கா?” என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அவளை டாக்ஸியில் ஏற்றி நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கே கொண்டுபோனேன். போகும் வழியில் ரவிசங்கர் போன் செய்தார். அவர் சொன்னது: “சிஸ்டர், மேட்ச்ல விழுந்தான்னு சொல்லிடாதீங்க. உங்க இன்சூரன்ஸ் ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு சொல்லிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?” எனக்குத் தெரியும். தொழில்பேட்டையில் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பாத்ரூமில் விழுந்தவர்கள். சாரத்திலிருந்து விழுந்தவனையும் ஃபோர்மேன் கூட்டிக்கொண்டு வந்து பாத்ரூம் என்பான், மெஷினில் கை கொடுத்தவனையும் பாத்ரூம் கதவு என்பான். சைட்டில் என்றால் விசாரணை, விளையாட்டில் என்றால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும், பாத்ரூம் என்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த வழி. என் பிள்ளை வலியில் துடிக்கும்போது எனக்கும் அதுதான் வாயில் வந்தது. ரிசெப்ஷனில் கேட்டார்கள், வீட்டில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னேன். அவர்கள் அப்படியே பதிந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் ஜெய்னுலாப்தீன் பாய் பேனாவை வைத்துவிட்டார். இதைச் சொன்னால் இன்சூரன்ஸ் விஷயம் தனி வழக்காக வரலாம், வேலைக்கும் ஆபத்து, யோசித்துச் சொல்லுங்கள் என்று அவரும் சொன்னார், அதிகாரியும் அவர் மூலமாக மரியாதையாக எச்சரித்தார். யோசித்துத்தான் சொல்கிறேன், எழுதுங்கள் என்றேன்.

அதன் பிறகு ஸ்கேனில் முழங்காலின் உள்ளே லிகமெண்ட் அறுந்திருக்கிறது என்று தெரிந்தது. எலும்பு டாக்டர் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றும், அதுவரை ஓடவோ குதிக்கவோ கூடாது என்றும், மீறினால் முழங்கால் நிரந்தரமாகக் கெட்டுப்போகும் என்றும் சொன்னார். அவர் சொல்லும்போது அஜிஷாவும் கூட இருந்தாள். என் இன்சூரன்ஸ் கிளினிக்கில் கொடுத்திருக்கும் சின்ன பிளான், எக்ஸ்ரே மாத்திரையோடு சரி, ஆபரேஷனுக்கு அனுமதி வரவில்லை. எனக்குக் கவலை இல்லை, கல்லூரியில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனி இன்சூரன்ஸ் இருக்கிறது, எங்கள் பொறுப்பு என்று என் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே சொன்னவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

அதன் பிறகு அவர்கள் என்னை அலைக்கழித்ததைச் சொன்னால் இந்த அதிகாரிக்கு ராத்திரி சாப்பாடு கிடைக்காது. ஸ்போர்ட்ஸ் ஆபீசுக்குப் போனால் இது அட்மின் பார்ப்பது என்றார்கள். அட்மினில் இன்சூரன்ஸ் டெஸ்க் என்றார்கள். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஆப்பில் பதியுங்கள் என்றார்கள். ஆப்பில் பதிந்தால், உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்று வருகிறது, அதோடு சரி. டூட்டிக்கு நடுவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யூனிஃபார்மோடு ஓடுவேன். ரவிசங்கர் மீட்டிங்கில் இருப்பார். ஒரு நாள் அவருடைய அறைக் கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே அவர் கால் மேல் கால் போட்டு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், வெளியே இருந்த பெண் என் முகத்தைப் பார்த்தே மீட்டிங் என்றாள். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் போனேன்.

கடைசியில் ஒரு நாள் அவரைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன். அவர் சொன்னதை மாற்றாமல் சொல்கிறேன்: “சிஸ்டர், கிளினிக் ரெக்கார்டுல வீட்டுல விழுந்தான்னு இருக்குது. அது எப்படிங்க ஸ்போர்ட்ஸ் இன்ஜுரி ஆகும்? இன்சூரன்ஸ்காரன் எங்களக் கேப்பானில்லீங்களா?” நீங்கள்தானே சொல்லச் சொன்னீர்கள் என்றேன். “நான் உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வெயிலில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த வார்த்தையை மாற்ற வேண்டாம் பாய், ஆத்திரம் என்றே எழுதுங்கள்.

அதோடு முடியவில்லை. அந்த வாரமே அஜிஷாவைக் கூப்பிட்டு, ஆட்டத்தில் அடிபட்டால் ஓய்வு உண்டு, சீட்டும் இருக்கும், வீட்டில் விழுந்து அடிபட்டால் அது கல்லூரியின் பொறுப்பு இல்லை, இறுதிப் போட்டிக்கு வராவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து முழு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என்னால் கட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். பெஞ்சில் உட்காரத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் மம்மி, போட்டோவுக்கு ஆள் வேணும் என்று சொன்னாள். நான் நம்பினேன். ஏனென்றால் நேற்றுக் காலையில் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுது, அவள் நான்கு மாடியையும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினாள். அப்படி இறங்கிய பிள்ளை ஆடப் போகிறாள் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

நேற்று டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு போட்டி நடந்த உள்ளரங்கத்துக்குப் போனேன். அஜிஷா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு செட் முடிந்து இரு அணியும் சமமாக இருந்தன. அதன் பிறகு அணியோடு வரும் பிசியோ அவளை உடை மாற்றும் அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அஜிஷா முழங்காலில் பட்டை கட்டி, நேராக நடந்து வந்தாள். நான் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவது செட்டில் அவளை இறக்கினார்கள். பந்து வந்தது, எம்பி அடித்தாள், அந்தக் காலிலேயே இறங்கினாள். அரங்கம் முழுவதும் கை தட்டியது. என் பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து நின்று விசில் அடித்தார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு சுளிப்புகூட இல்லை. வலி இருந்தால் மனுஷி காலைப் பார்த்து வைப்பாள், அவள் காலைப் பார்க்கவே இல்லை. காலையில் படியில் உட்கார்ந்து இறங்கிய பிள்ளைக்குச் சாயங்காலம் வலியே இல்லை என்றால் மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறார்கள். வலி இல்லாததால் அந்தக் கால் இன்னும் எவ்வளவு கிழிந்தாலும் அவளுக்குத் தெரியப்போவது இல்லை. மறுபடியும் எம்பினாள். மறுபடியும் கை தட்டினார்கள்.

நான் முதலில் மேலிருந்து கூப்பிட்டேன், அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. அதன் பிறகு படியிறங்கிப் போய் பெஞ்சில் இருந்த ரவிசங்கரிடம் அவளை வெளியே எடுக்கச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், செட் முடியட்டும் என்று கையைக் காட்டினார். அதன் பிறகுதான் விளம்பரப் பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாக உள்ளே போய் வலைக்குக் கீழே உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தாய் என்று அதிகாரி கேட்டார். நின்றிருந்தால் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். உட்கார்ந்த ஆளைத் தூக்க நான்கு பேர் வேண்டும், நோயாளிகளைத் தூக்கித் தூக்கி எனக்கு அது பழக்கம். இதை மொழிபெயர்த்தபோது அதிகாரி லேசாகச் சிரித்தார்.

நடுவர் விசில் ஊதினார். ரவிசங்கர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார், நான் உதறினேன். அதைத்தான் தள்ளினேன் என்று எழுதியிருக்கிறார்கள். நான் அங்கே சொன்னது இவ்வளவுதான்: “எனக்க பிள்ளைக்கு கால்ல லிகமெண்ட் அறுந்து கெடக்கு. மரத்துப்போக ஊசி போட்டு ஆட விட்டிருக்கிய. அவ வெளிய போகாம நான் எழும்ப மாட்டேன்.” யாரையும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மனதில் சொன்னேன், அது குற்றம் என்றால் எழுதிக்கொள்ளவும். அஜிஷா என் அருகில் வந்து குனிந்து, “மம்மி, ப்ளீஸ், எழும்புங்க, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள். பார்க்கட்டும் மக்கா என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. என்னை நாசம் பண்ணிட்டீங்க என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு விலகிப் போனாள். அது எல்லோர் முன்னாலும் சொன்னது. அதன் பிறகு ஆட்டம் நிறுத்தப்பட்டது, காவலர்கள் வந்தார்கள், நானாகவே எழுந்து அவர்களோடு வந்தேன். கோப்பை யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை மறுபடி இங்கே வரச் சொன்னார்கள். வராந்தாவில் ரவிசங்கர் வந்து என்னிடம் பேசினார். “உங்க பொண்ணு வீட்டு பாத்ரூம்லதான் விழுந்தேன்னு உள்ள சொல்லிட்டாங்க. நீங்களும் அதையே சொல்லிட்டா நாங்க கம்ப்ளெயிண்ட்ட வாபஸ் வாங்கிக்குறோம். சீட்டுக்கும் ஒண்ணும் ஆகாது. அடுத்த மாசம் லீக் இருக்குது, அதுக்குள்ள ரெடி ஆகட்டும்” என்றார். எந்தக் காலோடு என்று கேட்டேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் சைட்டில் இருந்தார், பின்னால் ஒரே இரைச்சல். “ஏட்டி, நீ என்னத்துக்கு கிரவுண்டுக்குள்ள போய் இருந்த? அவரு சொல்லுத மாதிரி சொல்லிட்டு வீட்டுக்குப் போ. உனக்க வேலையும் போயிட்டா நான் என்ன செய்ய?” என்றார். அவர் பயப்படுவதில் தப்பு சொல்ல மாட்டேன், பதினைந்து வருஷமாகக் கேம்ப்பில் கிடக்கிற மனுஷன். ஆனால் பாத்ரூம் என்று நான் இன்னொரு தடவை சொன்னால் ஆபரேஷன் இல்லை, அடுத்த மாதம் மறுபடி ஊசி, மறுபடி கை தட்டு. சீட்டு போனால் ஒரு வருஷம் வீட்டில் இருப்பாள், ஏதாவது செய்துகொள்ளலாம். கால் போனால் நான் என்ன செய்து கொடுப்பேன்? அதனால் சொல்கிறேன். என் மகள் அஜிஷா எங்கள் வீட்டு பாத்ரூமில் விழவில்லை. கல்லூரி அனுப்பிய ஆட்டத்தில் விழுந்தாள். இன்சூரன்ஸில் பொய் சொன்னது நான், சொல்லச் சொன்னது ரவிசங்கர், என் மகள் அல்ல. அவள் இன்று சொன்னது பயந்து சொன்னது, அதற்காக அவள் மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கக்கூடாது. எனக்கு என்ன வருமோ வரட்டும். அவள் அந்தக் காலோடு இனி ஆட்டத்துக்கு இறங்கக்கூடாது, கல்லூரி அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதை ஜெய்னுலாப்தீன் பாய் அரபியில் ஆக்கிக் கையெழுத்துக்குக் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பாய்க்கு மனசு கொஞ்சம் வருத்தம்தான், அவரைச் சந்தேகப்படவில்லை என்று சொன்னேன். அப்படியானால் யார் வாசித்துச் சொன்னால் ஒத்துக்கொள்வாய் என்று அதிகாரி கேட்டார். என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அரபி தெரியும், இங்கே பள்ளிக்கூடத்தில் படித்தது. வராந்தாவில் இருந்த அவளைக் கூப்பிடச் சொன்னேன். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஊசியின் வீரியம் இறங்கிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், என் பக்கத்தில் இருந்த நாற்காலியை விட்டு எட்டத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் அரபியில் வாசித்து வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிய செய்தியை வாசிப்பது போல வாசித்தாள். ஆட்டத்தில் விழுந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். நான் அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். அந்த வரியில் விரலை வைத்து, “இது தப்பா இருக்கு” என்றாள். என்ன தப்பு என்று கேட்டேன். “நாங்க மோதவே இல்ல மம்மி. மெஹர்பானு கால் நெட்டுக்கு இந்தப் பக்கம் வந்துருச்சு. நான் அவ கால் மேல இறங்கினேன். அப்பதான் திரும்புச்சு. நீங்க தள்ளி இருந்தீங்க, உங்களுக்குத் தெரியல” என்றாள். ஜெய்னுலாப்தீன் பாய் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆகவே மேலே நான் மோதிக்கொண்டார்கள் என்று சொன்னது தவறு, என் மகள் சொன்னபடி திருத்திக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு அதிகாரியிடம் அரபியில் நேராகப் பேசினாள். எனக்குப் புரியவில்லை. காலையில் தான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதிதாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறாள் என்று ஜெய்னுலாப்தீன் பாய் எனக்குச் சொன்னார். அப்படிச் சொன்னால் கல்லூரியில் உன் இடம் இருக்காது, தெரியுமா என்று அதிகாரி கேட்டதாகவும் சொன்னார். அதற்கு என் மகள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். கலாஸ் என்றாள், போதும், முடிந்தது என்று அர்த்தம். அது எனக்குப் புரிந்தது.

மேலே எழுதியிருப்பது என் வாயால் சொன்னது. என் மகள் வாசித்துக் காட்ட எனக்கு விளங்கியது. அவள் திருத்தியதையும் சேர்த்து இதில் உள்ள அத்தனையும் உண்மை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை நான் சொல்லவில்லை, மிரட்டியவர்களும் ஆசை காட்டியவர்களும் வேறொன்றைத்தான் சொல்லச் சொன்னார்கள்.

(ஒப்பம்) புஷ்பமேரி

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் தமிழில் எழுதப்பட்டு அரபியில் ஆக்கப்பட்டது: ஜெய்னுலாப்தீன், மொழிபெயர்ப்பாளர்

அரபியில் உள்ளதை வாசித்துச் சொன்னவர்: (ஒப்பம்) அஜிஷா, மகள்